ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட், லெஃப்ட் இன்

1983-ல் எனக்கு வேலை கொடுத்த பர்சனல் ஆபீசர் இன்டர்வியூவில் கேட்டது ஒரே கேள்விதான். "லெஃப்ட் அவுட்டா, லெஃப்ட் இன்னா?"

"ரெண்டும் ஆடுவேன் சார்."

மஞ்சள் பையிலிருந்து பி.காம். சர்ட்டிபிகேட்டை உருவினேன். "அத உள்ள வைப்பா" என்றார். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. பதவி, ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி. பெயர் வேண்டாம், அந்த கேட்டில் இப்போது தொங்குவது மூன்றாவது பெயர்ப்பலகை.

பொன்னேரியில் எங்கள் நைனா அந்த ஆர்டரை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். நான் எட்டாவது படிக்கும்போதிருந்து "கட்டைய தூக்கினு திரியறான், எங்க உருப்படப் போறான்" என்று புலம்பிக்கொண்டிருந்தவர். எந்த வீட்டிலும் ஹாக்கி ஆடி வாங்கிய வேலை என்று அவர் சொல்லவில்லை. படிப்புக்குக் கிடைத்தது என்றே சொன்னார். கம்பெனியோ படிப்பைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்துக் கொடுத்திருந்தது. இரண்டு தரப்பும் கடைசிவரை சந்தித்துக்கொள்ளாததால் என் மானம் பிழைத்தது.

அப்போதெல்லாம் இந்த நாட்டில் ஹாக்கி ஃபார்வர்டாக இருப்பது ஒரு தொழில் இல்லை. தொழில் வாங்க ஒரு வழி. தியான் சந்தே 1922-ல் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்தான். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்த சென்டர் ஃபார்வர்டு, 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். பந்தைக் கட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடிய முகமது ஷாஹித், காசியில் ரயில்வே உத்தியோகஸ்தர். மெட்ராஸ் லீக்கைப் பார்த்தால் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., போலீஸ். சாயங்காலம் கோல் போட்டவன் எல்லாம் காலையில் எங்கேயோ ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன்.

நானும் போட்டேன். காலை எட்டு மணிக்கு ஸ்டோர்ஸ். போல்ட், நட், பேரிங், கிரீஸ் டப்பா. இண்டென்ட் வந்தால் எடுத்துக் கொடுத்து பின் கார்டில் கழிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் தெரியும்; அவர்தான் கழித்தார். பன்னிரண்டரைக்கு எனக்கு 'பிராக்டீஸ் பெர்மிஷன்'. கேண்டீனில் ஆட்டக்காரர்களுக்குத் தனியாக இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். ஃபர்னஸில் கரி முகமும் சிவந்த கண்ணுமாக எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு முட்டை கிடையாது. பின் கார்டையே தொடாத எனக்கு இரண்டு. யூனியன் மீட்டிங்கில் இதை ஒருத்தர் எழுப்பினார். "அவங்க கம்பெனிக்காக ஓடறாங்க" என்றார் தலைவர். "நாங்க மட்டும் என்ன, உக்காந்துனா இருக்கோம்?" என்று அதை எழுப்பியவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நியாயமான கேள்வி. எனக்கும் அது அப்போதே தெரிந்திருந்தது. முட்டையை மட்டும் விடவில்லை.

மேட்ச் எழும்பூரில். கும்மிடிப்பூண்டியிலிருந்து மூர் மார்க்கெட் வரை மின்சார ரயில். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று போகும். கட்டைகளைச் சாக்கில் சுற்றி மேலே போட்டிருப்போம். பொன்னேரியில் பழவேற்காட்டு மீன் கூடைகள் ஏறும். ஐஸ் கரைந்து பெட்டி முழுக்க வழியும். கால்சட்டை நனையாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேட்சுக்குப் போவோம். கூடைக்கார அம்மா ஒருத்தர் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, கட்டைய வச்சிக்கினு அடிதடிக்கா போற?" என்று கேட்டார். முட்டியில் அடிபட்டுத் திரும்பிய ஒரு ராத்திரி, அதே மாதிரி ஒரு கூடையிலிருந்து ஒரு கை ஐஸ் வாங்கித் துணியில் கட்டிக்கொண்டேன். முட்டி சரியானது. மீன் வாசனை போகச் சில நாள் ஆனது. எனக்கும் ஐஸுக்கும் உள்ள தொடர்பு அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அந்த நாள் ஆட்டத்தில் ஃபார்வர்டு என்றால் ஐந்து பேர். லெஃப்ட் அவுட், லெஃப்ட் இன், சென்டர் ஃபார்வர்டு, ரைட் இன், ரைட் அவுட். கல்யாணப் பந்தியில் இலை போட்ட மாதிரி அவரவர் இடம், அவரவர் வேலை. லெஃப்ட் இன் என்பவன் பாதி உழைப்பாளி, பாதி தரகன். பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி, முன்னால் நிற்கிற சென்டர் ஃபார்வர்டுக்குக் கொடுக்க வேண்டும். பேப்பரில் அவர் பெயர் வரும். முன்னால் ரொம்பப் போனால் ஆஃப்சைடு விசில். முப்பத்தைந்து நிமிடம், கொஞ்சம் எலுமிச்சம்பழம், மறுபடியும் முப்பத்தைந்து நிமிடம். ஜலந்தரிலிருந்து வரும் மல்பெரிக் கட்டை. மழையில் நனைந்தால் கனக்கும், வெயிலில் காய்ந்தால் பிளக்கும். வேம்பயர் கட்டை ஒன்று கையில் இருந்தால் அவன் பணக்காரன்.

இன்று எல்லாம் மாறிவிட்டது. ஆஃப்சைடை 1998-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். பதினைந்து நிமிடமாக நான்கு துண்டு. ஃபார்வர்டு சில நிமிடம் ஓடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போகலாம். எங்கள் காலத்தில் வெளியே போனவன் அடிபட்டவன் அல்லது கோபித்துக்கொண்டவன். லெஃப்ட் இன் என்ற பதவியே இப்போது கிடையாது. என் இரண்டு பதவிகளில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட்தான் கடைசியில் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடித்தது.

தாக்குப்பிடித்தது என்றால் இப்படி: 1992 வாக்கில் கம்பெனிக்குப் புது நிர்வாகம் வந்தது. ஒரே சர்க்குலரில் டீம் கலைந்தது. மறுநாள் பன்னிரண்டரைக்கு நான் எழுந்தபோது, "எங்க?" என்றார் புது மேனேஜர். உட்கார்ந்தேன். ஒன்பது வருட சர்வீஸுக்குப் பிறகு பேரிங் நம்பர்களைப் படிக்கத் தொடங்கினேன். பக்கத்து மேஜைக்காரருக்கு அதில் ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளாமல் சொல்லிக் கொடுத்தார். முட்டை நின்றது. ஆனால் வேலை நின்றுவிடவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, தீபாவளி போனஸ் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் வந்தன. ஆடாத ஃபார்வர்டுக்கு கம்பெனி இன்னும் பல வருடம் சம்பளம் கொடுத்தது.

1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி மெட்ராஸில் நடந்தது. எழும்பூரில் நாங்கள் முட்டி தேய்த்த இடத்தில் இப்போது செயற்கைப் புல். மேட்சுக்கு முன்னால் அதற்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் மீஞ்சூர், பஞ்செட்டிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மெட்ராஸ் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த காலம். முளைக்காத புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை கேலரியில் உட்கார்ந்து பார்க்க, விவசாயி மகனான எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு தன்ராஜ் பிள்ளை ஓடினார். சிரிப்பு நின்றது.

தன்ராஜ் நம் ஆள்தான், ஆனால் நம் ஊர் இல்லை. தமிழ்க் குடும்பம், 1968-ல் புனே பக்கத்து கட்கியில் பிறந்தார். அப்பா நாகலிங்கம், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். அண்ணன் தம்பிகள் உடைந்த கட்டையைக் கயிறு சுற்றிக் கட்டி ஆடினார்கள். எங்கள் ஆவடி, எண்ணூர்க் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கும் அவருக்கும் அதுவரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான். 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்கு 339 ஆட்டம், நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் கேப்டனாக இருந்து தங்கம் வாங்கினார். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த தங்கம். திரும்பி வந்த சூட்டோடு சீனியர்கள் சிலரோடு அவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார். இது இந்திய ஹாக்கியின் நன்றி தெரிவிக்கும் முறை.

எனக்குப் பிரமிப்பு அந்த நம்பர்களில் இல்லை. மனுஷன் பந்தடித்துப் பிழைத்த ஊர்கள்: லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவில் அபாஹானி, ஹாங்காங்கில் கால்சா கிளப், அப்புறம் மலேசியா. கட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய், காசு வாங்கி கோல் போட்டவர். எங்களில் அப்படித் தொழிலாகவே ஆடியவர் அவர்தான். அவருக்கும் ஊரில் இந்தியன் ஏர்லைன்ஸ் உத்தியோகம் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைனா கேட்டிருந்தால் நிம்மதியடைந்திருப்பார்.

இப்போது ஏலம். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தை பேத்தி போனில் பார்த்துக் காட்டினாள். ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம். ஃபார்வர்டு அபிஷேக் 72 லட்சம். நம் பெயரிலும் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஒரு அணி. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரிடையர் ஆன நாள்வரை வாங்கிய சம்பளத்தை எல்லாம் கூட்டினாலும் அபிஷேக்கின் ஒரு சீசன் வராது. ஆனால் பேப்பரை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். அதே 2024-ல் பஞ்சாப் அரசு தன் ஹாக்கி வீரர்களைக் கூப்பிட்டு டி.எஸ்.பி. உத்தியோகம் கொடுத்தது. யாரும் 'எனக்கு ஏலம் போதும்' என்று சொன்னதாகச் செய்தி இல்லை. அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இரண்டு ஃபார்வர்டும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியபோது, எங்கள் தெருவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "கவர்மென்ட்டுல ஏதாச்சும் போட்டுக் குடுப்பாங்களா?"

ஐஸ் மறுபடி வந்தது டொரன்டோவிலிருந்து. அக்காவின் பேரன் அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். வீடியோ காலில் தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஃபர்னஸுக்குள் போகிறவன் மாதிரி நின்றான்.

"தாத்தா, நான் லெஃப்ட் விங். ஃபார்வர்டு."

"எவ்வளவு நேரம்டா ஆடுவ?"

"என் ஷிஃப்ட் முக்கால் நிமிஷம். அப்புறம் பெஞ்ச்சுல உக்காந்துடுவேன்."

"இங்க கம்பெனில ஷிஃப்ட் பன்னெண்டு மணி நேரம்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அவன் ஆடுவதற்கு அவன் அப்பா காசு கட்டுகிறார். ஸ்கேட்டுக்கு, ரிங்க்குக்கு, கோச்சுக்கு, பயணத்துக்கு. விடியற்காலை இருட்டில் பனியில் கார் ஓட்டிக் கொண்டுபோய் விடுகிறார். எனக்கு ஆடச் சம்பளமும் முட்டையும் கொடுத்தார்கள் என்று சொன்னபோது, "நெஜமாவா மாமா?" என்று அவர் கேட்ட குரலில் பொறாமை இருந்தது. என்.எச்.எல். என்ற அவர்கள் லீக்கில் நுழைந்துவிட்டால் 2025-26 சீசனில் குறைந்தபட்சச் சம்பளமே வருடத்துக்கு 7,75,000 டாலர். நுழைவதுதான் பாடு. இந்திய வம்சாவளியில் அதில் முதலில் ஆடியவர் ராபின் பாவா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் ஊர்க்காரர், சீக்கியக் குடும்பம், வலது விங் ஃபார்வர்டு. 1989-ல் வாஷிங்டனுக்கு ஆடத் தொடங்கி, வான்கூவர், சான் ஹோசே, அனாஹைம் என்று நான்கு அணி மாறி, மொத்தம் ஆடியது 61 ஆட்டம். 6 கோல். பாக்கிக் காலமெல்லாம் சின்ன லீக்குகளில். அவரிடம் அணிகள் பெரிதாக எதிர்பார்த்தது கோலை அல்ல, கைச்சண்டையை. ஆட்டத்தில் ஒருவன் நம் ஆளை மோதினால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை அடிக்க வேண்டும். அந்தக் கூடைக்கார அம்மா பாவாவைப் பார்த்துக் கேட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் ஐஸ் ஹாக்கி உண்டு, லடாக்கில். உறைந்த குளத்தில் ஆடிப் பழகியவர்கள். 2025-ல் பெண்கள் அணி அல் ஐனில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. அங்கே நல்ல ஃபார்வர்டு என்னவாகிறான் என்று பார்த்தேன். பட்டாளம், ஐ.டி.பி.பி. தியான் சந்த் 1922-ல் நின்ற அதே வரிசை. காலில் மட்டும் ஸ்கேட்.

எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருகிறேன். ரோலிங் மில்களில் இப்போது உள்ளூர்ப் பையன்கள் குறைவு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். சிவக்கச் சிவக்க வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலி போட்ட காலி மனை ஒன்றில் மூங்கில் கட்டையோடு ஏழெட்டுப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் என்று நினைத்துத் தாண்டிப் போனவன், கட்டையும் பந்தும் மோதிய சத்தத்தில் நின்றேன்.

சுந்தர்கட், சிம்டேகாப் பையன்கள். இந்திய ஹாக்கிக்கு ஆள் விளைகிற மண் அது. திலீப் டிர்க்கியும் அமித் ரோஹிதாஸும் சுந்தர்கட் மாவட்டத்து சவுனாமரா என்ற ஒரே கிராமம். 1980-ல் மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கிய அணியில் சிம்டேகாவின் சில்வானஸ் டுங்டுங் இருந்தார். ரூர்கேலாவில் பிர்சா முண்டா பெயரில் கட்டிய ஸ்டேடியத்தில் 2023 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இங்கே கம்பி திருப்புகிறார்கள். அவர்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் 'கஸ்ஸி' டோர்னமென்ட் நடக்குமாம். பரிசு ஒரு கிடா. ஜெயித்த ஊர் அதை வெட்டிச் சாப்பிடும். நான் ஆடிய டோர்னமென்டுகளில் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட முடியாது.

அதில் ஒரு பையன். பழைய காலமாக இருந்தால் லெஃப்ட் இன். பின்னால் இறங்கி வாங்குகிறான், தலையைத் தூக்கிப் பார்க்கிறான், பிறகுதான் கொடுக்கிறான். அந்தத் தலையைத் தூக்கும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. சூப்பர்வைசர் ஒருத்தரை வைத்து அரைகுறை இந்தியில் விசாரித்தேன். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்குப் போனானாம், கிடைக்கவில்லையாம்.

பழைய கை சும்மா இருக்குமா? அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். எச்.ஆர். மேனேஜர் என் பெண்ணை விடச் சின்னவர். மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார். ஒரு டீம் போடுங்கள், இந்தப் பையனை எடுங்கள், லீக்கில் சேர்க்கலாம் என்றேன்.

"அங்கிள், அந்தப் பையன் எங்க ரோல்லயே இல்ல. வெண்டர் ஆளு."

"வெண்டர் யாரு?"

"சப்-வெண்டர்கிட்டதான் கேக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "சி.எஸ்.ஆர்.ல வேணா ஒரு ஈவென்ட் பண்ணலாம். டி-ஷர்ட் குடுப்போம். ஆனா ஹாக்கின்னா ஆள் சேராது. பாக்ஸ் கிரிக்கெட் ஓகேவா அங்கிள்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேலை கொடுத்த கம்பெனியில் மைதானம் கிடையாது, குண்டும் குழியுமான ஒரு லாரி ஷெட்தான். வேலை மட்டும் நிரந்தரம். இன்று எழும்பூரில் நீல டர்ஃப் பளபளக்கிறது, 2023-ல் அங்கே இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் டிராபி வாங்கியது. ஐம்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் அந்தப் பையனுக்கு ஒரு ஐ.டி. கார்டு இல்லை.

பொங்கல் லீவில் பையன்களே கஸ்ஸி நடத்தினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பாக்கத்திலிருந்து கிடா வாங்கி வந்தார்கள். கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்ததால் அது ஒரு பெனால்டி கார்னரைத் தடுத்துவிட்டது. விசில் என்னிடம் இருந்தது. ரீ-டேக் கொடுத்தேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பையனின் அணி ஜெயித்தது. ரெஃப்ரிக்கு ஒரு பங்கு என்று கறியை வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் அவன் வீட்டுக்கே வந்தான். ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்களாம், சர்ட்டிபிகேட் வேண்டும். போனில் விண்ணப்பத்தைக் காட்டினான். ஃபார்ம் ஒன்று, நாட்டுக்கு ஆடியவர்களுக்கு. இரண்டு, மாநிலத்துக்கு. மூன்று, பல்கலைக்கழகம். நான்கு, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. கிடாவுக்கு ஃபார்ம் இல்லை.

வெள்ளைத்தாளில் எழுதித் தருகிறேன், அது செல்லுமா என்று தெரியாது என்றேன். பரவாயில்லை அங்கிள், எழுதுங்கள் என்றான். என்ன ஆடினான், எந்த இடத்தில் ஆடினான், தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்து கொடுக்கிறான் என்பதுவரை ஆங்கிலத்தில் எழுதினேன். பரிசு என்ற இடத்தில் 'வின்னர்ஸ்' என்று மட்டும் போட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, கிடாவையும் எடையையும் சேர்க்கச் சொன்னான். அங்கே செலக்‌ஷனில் உட்காருகிற கோச்சும் கஸ்ஸி ஆடி வந்தவர்தானாம். கிடா எவ்வளவு பெரியது என்று பார்த்தால் போட்டி எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

இருபத்திரண்டு கிலோ. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.